டெரிக் பெல்: ஊர் கேட்டது பள்ளிக்கூடம், வக்கீல் கொடுத்தது வழக்கு

மதுரை_வக்கீல்

ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்த ஒரு சம்பவம். இங்கே வைக்கிறேன், நாலு பேர் பேசினால் எனக்கும் தெளியும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லீக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), அதற்குள் ஹார்மனி என்று கறுப்பினத்தவர் வாழும் ஊர். கறுப்பினப் பள்ளிகள் கட்ட உதவிய ரோசன்வால்ட் அறநிதியும் ஊர்க்காரர்கள் உழைப்புமாக எழுந்த பள்ளிக்கூடம் ஒன்று அங்கே இருந்தது. கவுண்டி நிர்வாகம் அதை மூடிவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் வின்சன் ஹட்சன், டோவி ஹட்சன் என்ற சகோதரிகள் கறுப்பின உரிமைக்காக வழக்காடும் சட்டப் பாதுகாப்பு நிதியத்தின் இளம் வக்கீல் ஒருவரிடம் போனார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கள் பள்ளியைத் திறந்து தர வழி செய்யுங்கள்."

வக்கீல் முடியாது என்றார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமான தனிப் பள்ளியைத் திறக்கச் சொல்லி எங்கள் அமைப்பு வழக்குப் போடாது, வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் உரிமைக்கு வழக்குப் போடுவதானால் நான் வருகிறேன் என்றார். அவர்களும் சரி என்றார்கள்.

அந்த வக்கீல் டெரிக் பெல். பிற்பாடு ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர். அந்தப் பெண்களுக்குத் தான் சொன்ன பதில் சரிதானா என்று வாழ்நாள் முழுக்கத் தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தவர்.

நானும் முப்பது வருஷமாகக் கறுப்பு கோட்டு போடுகிறேன். கட்சிக்காரர் ஒன்று கேட்பார், நாம் "சட்டப்படி அது நிற்காது, இதைக் கேளுங்கள்" என்போம். தினமும் நடப்பதுதான். பெல் செய்தது தப்பா?

---

குமரன்77

வக்கீல் சார், எனக்கு அடிப்படையே புரியவில்லை. 1954-லேயே பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டதே. தனித்தனிப் பள்ளி செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு 1960-களில் எதற்கு மறுபடி வழக்கு?

---

மதுரை_வக்கீல்

நல்ல கேள்வி தம்பி. தீர்ப்பு வாங்குவது ஒன்று, நிறைவேற்று மனு போட்டு அதை வசூலிப்பது வேறு. சிவில் கோர்ட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது கொள்கை. எப்படி, எப்போது என்று அடுத்த ஆண்டு இரண்டாவது தீர்ப்பு வந்தது. அதில் தேதி இல்லை. "நிதானமான வேகத்தில்" என்று ஒரு சொற்றொடர்தான் இருந்தது. தென் மாநிலங்கள் அதில் நிதானத்தை எடுத்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டன. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இன்னும் ஒரு படி மேலே போய், சேர்த்து நடத்துவதைவிட இல்லாமலே போகட்டும் என்று 1959-ல் அரசுப் பள்ளிகளை மொத்தமாக மூடியது. 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை ஐந்து ஆண்டுகள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஐந்து வருஷப் படிப்பு போனது போனதுதான்.

தீர்ப்புக்குப் பத்து வருஷம் கழித்து, 1964-ல், தெற்கில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். ஆகவே ஒவ்வொரு கவுண்டியாக, ஒவ்வொரு பள்ளி வாரியமாக வழக்குப் போட வேண்டியிருந்தது. அப்படி 300-க்கும் மேற்பட்ட வழக்குகளை பெல் மேற்பார்த்தார். அமைப்பின் தலைமை வக்கீல் தர்குட் மார்ஷல்தான் அவரை வேலைக்கு எடுத்தவர்.

ஹட்சன் சகோதரிகளின் வழக்கு 1963-ல் தாக்கலானது. கூடவே ஜாக்சன் நகர வழக்கும். அதில் வாதியான கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் அந்த ஜூனிலேயே வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாதியாகப் பெயர் கொடுப்பதென்றால் அந்த ஊரில் அதுதான் அர்த்தம். 1964-ல் லீக் கவுண்டிக்கு உத்தரவு வந்தது, அதுவும் முதல் வகுப்புக்கு மட்டும். முதல் நாள் வெள்ளையர் பள்ளிக்குள் நடந்தது ஒரே ஒரு சிறுமி. அவள் அப்பாவின் வேலை போயிற்று.

---

நூலகப்பூனை

இதை ஆரம்பித்ததற்கு நன்றி வக்கீல் சார். பெல்லின் வாழ்க்கையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், கேள்வி வந்ததும் எழுந்துவிடுவார். பிட்ஸ்பர்க்கில் 1930-ல் பிறந்தவர், விமானப்படையில் கொரியா வரை போனவர். 1957-ல் சட்டப் படிப்பு முடித்து மத்திய நீதித்துறையில் வேலை. அங்கே, கறுப்பின உரிமைக்கான தேசியச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றார்கள். சந்தாவைத் தொடர்ந்தார், வேலையை விட்டார்.

ஆனால் இந்த இழைக்கு முக்கியமானது 1976-ல் யேல் சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரை. தலைப்பிலேயே பைபிள் வசனம்: இரண்டு எஜமான்களுக்கு ஊழியம் செய்ய முடியாது. பள்ளி வழக்கு நடத்தும் வக்கீலுக்கு ஒரு எஜமான் கட்சிக்காரர். இன்னொரு எஜமான், பிரிவினையை வேரோடு பிடுங்க வேண்டும் என்ற லட்சியமும் அதற்குப் பணம் கொடுக்கும் நன்கொடையாளர்களும். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும்வரை பிரச்சினை இல்லை. 1970-களில் வேறு வேறு பக்கம் இழுக்க ஆரம்பித்தன.

பாஸ்டனில் 1974-ல், பள்ளிகளில் இனங்கள் கலக்கட்டும் என்று, பிள்ளைகளை நகரின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு பஸ் ஏற்றி அனுப்ப நீதிபதி காரிட்டி உத்தரவு போட்டார். கறுப்பினப் பிள்ளைகள் போன பஸ்கள் மேல் கல் விழுந்தது. மறு ஆண்டு கறுப்பினப் பெற்றோர், சமூகக் குழுக்கள் சில சேர்ந்து, எண்ணிக்கையைச் சமன் செய்வதைவிடப் படிப்பின் தரத்தைப் பாருங்கள் என்று கேட்டன. அட்லாண்டாவிலோ 1973-ல் என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளை, பஸ் ஏற்பாட்டைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகப் பள்ளி நிர்வாகத்தில் பதவிகளைக் கேட்டு வாங்கி சமரசம் செய்துகொண்டது. தேசியத் தலைமை கொதித்துப்போனது.

இதையெல்லாம் வெளியாள் எழுதியிருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். 300 வழக்கு நடத்தினவர் எழுதினார். பழைய கூட்டாளிகள் பலருக்குப் பிடிக்கவில்லை.

---

பழைய_பேனா

பிடிக்காமல்தான் போகும். எனக்கும் பிடிக்கவில்லை.

மன்னிக்க வேண்டும், இங்கே எல்லோரும் பெல்லுக்கு மாலை போடுவதால் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன். "கறுப்பினப் பெற்றோருக்கே சேர்ந்து படிப்பது முக்கியமில்லை" என்ற வாதம் யாருக்கு வசதி? அலபாமா ஆளுநர் மாளிகையில் இருந்த பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸுக்குத்தானே? கறுப்பினப் பள்ளிகளுக்குக் கிழிந்த பழைய புத்தகம், ஒழுகும் கூரை, குறைந்த சம்பளம். "தனித்தனி, ஆனால் சமம்" என்று 1896-ல் பிளெஸி தீர்ப்பில் சொன்னது. அறுபது வருஷத்தில் அந்தச் சமம் எங்காவது வந்ததா? வெள்ளைப் பிள்ளை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அந்தப் பள்ளிக்குக் காசு வரும் என்று மார்ஷலும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டது தப்பில்லை.

---

நூலகப்பூனை

பேனா ஐயா, அந்தப் பள்ளிகள் ஏழைப் பள்ளிகள் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் மூடும்போது போனது ஒழுகும் கூரை மட்டுமா? தென் மாநிலங்களில் பள்ளிகளைச் சேர்த்தபோது, பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியைத்தான் மூடினார்கள். அங்கே தலைமை ஆசிரியராக இருந்தவர் புதிய இடத்தில் உதவியாளர் ஆனார், அல்லது வீட்டுக்குப் போனார். 1954-க்கும் 1965-க்கும் இடையில் மட்டும் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிள்ளையின் அப்பா பெயரைச் சொல்லி அதட்டக்கூடிய டீச்சர் போனால், அந்த இடத்தை எந்தத் தீர்ப்பு நிரப்பும்?

இதை பெல் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1935-லேயே கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் கேட்டுவிட்டார். கறுப்பினத்தவருக்கு வேண்டியது தனிப் பள்ளியும் இல்லை, கலப்புப் பள்ளியும் இல்லை, கல்வி என்று எழுதினார். எதிரிகள் சூழ்ந்திருக்கும் கலப்புப் பள்ளியும் கெடுதல், ஒன்றுமில்லாத தனிப் பள்ளியும் கெடுதல் என்றார்.

---

ஷார்லட்_செல்வி

நான் பதிமூன்று வருஷமாக வட கரோலைனாவில், ஷார்லட்டில் இருக்கிறேன். இந்த ஊர்ப் பெயர் இந்த விவாதத்தில் வராமல் இருக்காது, அதனால் நானே கொண்டு வருகிறேன்.

பஸ் ஏற்றி அனுப்புவது செல்லும் என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்கள் ஊர் வழக்கில்தான், ஸ்வான் வழக்கு. அதன் பின்கதை தெரியுமா? டேரியஸ் ஸ்வான் என்ற கறுப்பினப் போதகர், மனைவி வேராவோடு இந்தியாவில் ஊழியம் செய்தவர். மகன் ஜேம்ஸ் நம் நாட்டில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து உட்கார்ந்து படித்தவன். 1964-ல் ஷார்லட் திரும்பினார்கள். ஆறு வயதுப் பையனை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியில் சேர்க்க முடியாது, கறுப்பினப் பள்ளிக்கு அனுப்பு என்றது வாரியம். அங்கிருந்து ஆரம்பித்தது. வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸின் வீட்டில் 1965-ல் குண்டு வெடித்தது. அவர் நிறுத்தவில்லை.

பாஸ்டன் போல இங்கே ஆகவில்லை. ஊர் முனகியது, பிறகு பழகியது, பிறகு பெருமைப்படவே ஆரம்பித்தது. 1984-ல் ரேகன் பிரச்சாரத்துக்கு வந்து பஸ் ஏற்பாட்டைத் திட்டினார், கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்திருப்பார். கூட்டம் அமைதியாக இருந்தது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை, நீங்கள் சொன்னது தவறு என்று அதிபருக்கே தலையங்கம் எழுதியது.

சரி, இப்போது என் கதை. புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் 1990-களில் தொடுத்த வழக்கில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 2002-லிருந்து வீட்டு முகவரிக்கு ஏற்ற பள்ளிதான். நாங்கள் வீடு வாங்கியபோது ஏஜென்டிடம், "இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் எப்படி?" என்று கேட்டேன். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லக் கூடாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாசூக்காக நழுவிவிட்டார். வாட்ஸப்பில் நம் ஆட்கள் நழுவவில்லை. "அந்த ஜிப் கோடு வேண்டாம் அக்கா, பத்துக்கு மூன்று மதிப்பெண்தான், அங்கே கூட்டம் சரியில்லை." கூட்டம் என்றால் என்ன கூட்டம் என்று யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டு மதிப்பெண் இருக்கிற இடத்தில் கூடுதலாகக் கடன் வாங்கி வீடு வாங்கினோம்.

பெல் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு வக்கீல் நினைவு வரவில்லை. அந்த வாட்ஸப் குழுதான் நினைவு வந்தது.

---

குமரன்77

செல்வி அக்கா, இப்படி வெளிப்படையாக எழுதியதற்கு ஒரு வணக்கம்.

பெல்லின் இன்னொரு பிரபலமான கொள்கை இருக்கிறதாமே, நலன்கள் சந்தித்தால்தான் நீதி என்று? என் தாத்தா ஒரே வரியில் சொல்வார்: சோழியன் குடுமி சும்மா ஆடாது.

---

மதுரை_வக்கீல்

தாத்தாவின் வரிக்கு 1980-ல் ஹார்வர்ட் சட்ட இதழில் அடிக்குறிப்புகளோடு விளக்கம் எழுதியவர் பெல். கறுப்பினத்தவரின் நலன், அது வெள்ளையரின் நலனோடு ஒத்துப்போகும்போது மட்டும் நிறைவேறும், ஒத்துப்போவது நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பது வாதம்.

1954-ல் என்ன ஒத்துப்போனது? பனிப்போர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் புதிதாக விடுதலை பெற்ற, பெறப்போகிற நாடுகளிடம் ஜனநாயகம் பேச வேண்டும், சொந்த ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தனிப் பள்ளி. சோவியத் பத்திரிகைகளுக்கு அல்வா. இது ஊகம் இல்லை. பிரவுன் வழக்கில் 1952 டிசம்பரில் மத்திய அரசு தாக்கல் செய்த மனுவே இந்த வெளிநாட்டுச் சங்கடத்தைச் சொல்கிறது. தீர்ப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அமெரிக்க அரசின் வெளிநாட்டு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 34 மொழிகளில் அதை ஒலிபரப்பியது. மேரி டட்ஜியாக் என்ற சட்ட வரலாற்றாசிரியர் 1988-ல் அரசு ஆவணங்களைத் தோண்டி எழுதியபோது, பெல் எட்டு வருஷம் முன்பு சொன்னதற்குச் சாட்சி கிடைத்தது.

பெல் இன்னும் இரண்டு காரணம் சொல்வார். போரில் ரத்தம் சிந்தித் திரும்பிய கறுப்பினச் சிப்பாய்கள் பழைய அவமானத்துக்குத் தலைகுனிய மாட்டார்கள் என்ற கவலை. தெற்கைத் தொழில்மயமாக்க இந்தப் பிரிவினை தடை என்ற கணக்கு.

---

எட்டயபுரத்தான்

அப்படியே நம் ஊர் இட ஒதுக்கீட்டையும் இதையும் ஒப்பிட்டால் என்ன?

---

மதுரை_வக்கீல்

ஐயா, கும்பிடுகிறேன். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே ஆரம்பித்தால் நாளைக் காலையில் பெல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

---

பழைய_பேனா

நலன் சந்திப்பு வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெல் முன்வைத்த மாற்று வழியைப் பாருங்கள். 2004-ல் வந்த நூலில், பிரவுன் தீர்ப்பு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தானே ஒரு தீர்ப்பு எழுதிப் பார்த்தார். "சமம்" என்ற சொல்லை நிஜமாக அமல்படுத்து: பள்ளிகளுக்கு உடனே சமமான வசதி, பள்ளி வாரியங்களில் கறுப்பினத்தவருக்கு இடம், கண்காணிக்க நீதிமன்றம்.

படிக்க அழகு. நடந்திருக்குமா? காசைக் கேட்டும் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். டெக்சஸில் சான் அன்டோனியோ, டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகரத் தொழிலாளி. மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த எட்ஜ்வுட் பகுதியில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் செலவு வருஷம் 356 டாலர், பணக்கார அலாமோ ஹைட்ஸில் 594 டாலர். இத்தனைக்கும் எட்ஜ்வுட்காரர்கள் சொத்து வரியை உயர்ந்த விகிதத்தில் கட்டினார்கள். வீடுகளுக்கு மதிப்பே இல்லை, அதனால் எவ்வளவு பிழிந்தாலும் வரவில்லை. 1973-ல் ஐந்துக்கு நாலு என்று தோற்றார். அரசியல் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மறு ஆண்டு டெட்ராய்ட். நகரத்துக்குள் கறுப்பினப் பிள்ளைகள், சுற்றியுள்ள புறநகர்களில் வெள்ளைப் பிள்ளைகள். 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத்தான் தீர்வு என்றது கீழ் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் மறுபடி ஐந்துக்கு நாலு: புறநகர்கள் தப்பு செய்ததாக நிரூபணம் இல்லை, மாவட்ட எல்லைக் கோட்டைத் தாண்டாதே. அப்போது நீதிபதி இருக்கையில் இருந்த மார்ஷல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

ஆக, சேர்ந்து படிக்கும் கதவும் சாத்தப்பட்டது, காசுக் கதவும் சாத்தப்பட்டது. அடுத்தடுத்து இரண்டு வருஷத்தில். பெல்லின் வழியில் போயிருந்தாலும் இதே சுவரில்தான் முட்டியிருப்பார்கள்.

---

நூலகப்பூனை

இந்தப் புள்ளிக்கு என்னிடம் பதில் இல்லை. இனவெறி அமெரிக்காவில் நிரந்தரம் என்று பெல் 1992-ல் எழுதும் இடத்துக்கு வந்ததே இந்தச் சுவரில் முட்டித்தானோ என்னவோ.

1987 நூலில் ஒரு கதை வைத்திருக்கிறார். பள்ளிகளைச் சேர்க்கும் நாள் காலையில் கறுப்பினப் பிள்ளைகள் எல்லோரும் மாயமாகிவிடுகிறார்கள். முதலில் வெள்ளையர்களுக்கு நிம்மதி. பிறகு கணக்குப் பார்க்கிறார்கள்: இந்தப் பிள்ளைகளைக் காட்டி வரவிருந்த நிதி, பஸ் ஒப்பந்தம், வேலைகள் எல்லாம் போச்சு. அப்புறம்தான் தேட ஆரம்பிக்கிறார்கள். சட்டப் பேராசிரியர் கதை எழுதலாமா என்று சக பேராசிரியர்களே முகம் சுளித்தார்கள். ஹார்வர்டிலேயே இருந்த கறுப்பினப் பேராசிரியர் ராண்டல் கென்னடி, நிறத்தை வைத்து ஒருவரின் ஆய்வுக்குத் தனி எடை கொடுப்பதை 1989-ல் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு.

ஆனால் ஆள் சொன்னதைச் செய்தார். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சட்டப்புல முதல்வராக இருந்தார். ஒரு வேலைக்குப் பட்டியலில் முதல் இரண்டு பேர் வர மறுத்தார்கள், மூன்றாவதாக இருந்தவர் ஆசிய வம்சாவளிப் பெண். அவரை எடுக்காமல் புதிதாகத் தேடலாம் என்றது ஆசிரியர் குழு. பெல் 1985-ல் ராஜினாமா செய்தார். ஹார்வர்டுக்குத் திரும்பினார். 1990-ல் அங்கே நிரந்தரப் பேராசிரியர்கள் சுமார் 60 பேர், கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை. ஒருவரை எடுக்கும்வரை சம்பளமில்லா விடுப்பு என்று இறங்கினார். அதே ஆண்டு அவர் மனைவி ஜூவல் புற்றுநோயில் இறந்தார். அப்போதும் திரும்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் விடுப்பு இல்லை என்று 1992-ல் ஹார்வர்ட் அவர் இடத்தைக் காலி செய்தது. முதல் கறுப்பினப் பெண்ணாக லானி கினியர் அங்கே அந்தப் பதவிக்கு வந்தது 1998-ல். பெல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகவே கடைசிவரை பாடம் நடத்தி, 2011 அக்டோபரில் மறைந்தார்.

---

ஷார்லட்_செல்வி

பேனா ஐயாவுக்கு ஆதரவாக ஒன்று, நான் எதிர்பார்க்காமலே.

ரக்கர் ஜான்சன் என்ற பெர்க்லி பொருளாதார அறிஞர், அந்தக் காலத்தில் கலப்புப் பள்ளிக்குப் போன பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்த தரவுகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார். கறுப்பினப் பிள்ளைகள் கூடுதல் வருஷம் படித்தார்கள், கூடுதல் சம்பளம் வாங்கினார்கள், உடல்நலமும் மேல். வெள்ளைப் பிள்ளைகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. காரணத்தில் பெரும்பங்கு, சேர்ந்ததும் அந்தப் பள்ளிகளுக்கு வந்த பணமும் சிறிய வகுப்பறைகளும். தெற்கில் வெள்ளையர் பெரும்பான்மைப் பள்ளிகளில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் 1988 வாக்கில் நூற்றுக்கு 43 வரை போனார்கள். அதன் பிறகு நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகக் கண்காணிப்பை விலக்க, எண்ணிக்கையும் இறங்கிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் ஐயா, பெல் சொன்னதும் பொய்யாகவில்லை. நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் என்னைப் போலப் புதிதாக வந்து வீடு வாங்கியவர்கள்தானே.

---

பழைய_பேனா

அம்மா, அந்தக் கடைசி வரிக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

---

குமரன்77

வக்கீல் சார், ஒரு சின்ன சந்தேகம். அந்த ஹட்சன் சகோதரிகளை பெல் மறுபடி பார்த்தாரா? மூடின பள்ளிக்கூடம் என்ன ஆனது?

---

மதுரை_வக்கீல்

பார்த்தார். பல வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் சந்தித்தபோது, நான் உங்களுக்குச் சரியான யோசனைதான் சொன்னேனா என்று அவரே கேட்டார். வின்சன் ஹட்சன் அவரைக் குறை சொல்லவில்லை. தானும் அதை யோசித்துப் பார்த்ததுண்டு என்றுதான் சொன்னார்.

பள்ளிக்கூடம் திரும்பக் கிடைக்கவில்லை. 1964 கோடையில் வடக்கிலிருந்து வந்த மாணவத் தொண்டர்கள் சுதந்திரப் பள்ளி நடத்த அந்தப் பழைய கட்டிடத்தைத்தான் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். அதில் நுழையக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் மரம், ஆணி, சுத்தியல் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கோடையிலேயே சொந்தமாக ஒரு சமூகக் கூடம் கட்டிக்கொண்டார்கள். அதற்கு யாரும் வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை.